சில்லறை முடிச்சு

அந்த மரத்தை நட்டவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எங்கள் சலவைக் கடைக்குப் பின்னால் இருக்கிற முற்றத்தில் நட்டநடுவே நிற்கிற வாதாமரம் அது. துணி காயப்போடுகிற கொடிக்கயிறுகளுக்கு ஒரு முனை சுவரில், மறுமுனை அதன் கிளையில். வெயில் வேண்டிய இடத்தில் நிழலையும், வெளுத்த துணி மேல் இலையையும் கொட்டுவதுதான் இத்தனை வருஷமாக அதற்கு வேலை. இந்த வருஷம் அது போதாதென்று கம்பளிப்பூச்சிகளைக் குடிவைத்துக்கொண்டது.

முதலில் பஞ்சு என்றுதான் நினைத்தேன். தலையணை எதுவோ பிரிந்து காற்றில் போய்க் கிளையில் சிக்கியிருக்கிறது என்று என் கணவரைத் திட்டக்கூடச் செய்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பஞ்சு வளர்ந்திருந்தது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தபோது கிளைக்கும் இலைக்கும் நடுவே வெள்ளை நூலால் நெய்த பை. உள்ளே ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிப் புரண்டுகொண்டு நூறோ இருநூறோ. இறங்கி வந்து பார்த்தால் அப்படிப்பட்ட கூடு இன்னும் இரண்டு இருந்தது. ஒன்று சரியாகக் கொடிக்கயிற்றுக்கு மேலே.

வேறு சமயமாக இருந்தால் அதுபாட்டுக்குத் தின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் என் தங்கைக்குப் பிரசவ விடுப்பு முடியப்போகிறது. அவள் திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். பகல் முழுக்கக் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுப் போவதாகப் பேச்சு. எனக்குப் பிள்ளை இல்லை. அதைச் சொல்லி நான் யாரிடமும் மூக்கைச் சிந்தியதில்லை, சிந்தப்போவதும் இல்லை. ஆனால் குழந்தை பிறந்த அன்று மருத்துவமனையில் என் கையில் கொடுத்துவிட்டு, "பெரியம்மாகிட்ட போ" என்று தங்கை சொன்னபோது, அந்தச் சொல்லுக்குள்ளேயே அம்மா இருக்கிறாள் என்று எனக்குப் பட்டது. இத்தனை நாள் அது கண்ணில் படாமல் போனதுதான் அதிசயம். அன்றிலிருந்து நான் அந்தத் திங்கட்கிழமைக்காகத்தான் காத்திருந்தேன்.

போன வாரம் தங்கை மட்டும் வந்திருந்தாள். மரத்தடியில் நாற்காலி போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போவதற்குள் கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்துவிட்டது. மறுநாள் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, அது மரத்துல இருக்கிற வரைக்கும் பாப்பாவை அங்க விட முடியாது. சனிக்கிழமை பாப்பாவோட வந்து ஒரு நாள் இருந்து பார்க்கிறேன். சரிப்பட்டு வரலைன்னா ஆபீஸ் பக்கத்துல காப்பகம் இருக்கு, அங்கயே விட்டுடறேன்."

காப்பகமாம். பெரியம்மா குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது என் தங்கை பெண்ணை யாரோ முகம் தெரியாதவள் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டுமாம். சனிக்கிழமைக்குள் அந்த மரத்தில் ஒரு பூச்சி இருந்தால் என்னை ஏன் என்று கேள் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அதற்கப்புறம் அந்தப் பூச்சிகள் என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் குழாயைத் திருப்பித் தண்ணீரை வேகமாக அடித்தேன். கூடு பிய்ந்துகொண்டு விடுதிக்காரர்கள் சலவைக்குப் போட்ட வெள்ளை விரிப்புகள் மேல் விழுந்தது. அத்தனையையும் திரும்பத் துவைத்தேன். பிய்ந்த கூட்டை அவை ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி நெய்து வைத்திருந்தன. என் கடையில் வேலைக்குச் சேர்த்துக்கொண்டிருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன், அவ்வளவு சுறுசுறுப்பு. அடுத்து மரத்தடியில் சருகைக் கொளுத்திப் புகை போட்டேன். பூச்சிகள் அசையவில்லை. சலவைக்கு வந்த சட்டைகள் எல்லாம் புகை நாற்றம் பிடித்ததுதான் மிச்சம்.

கிளையோடு வெட்டிவிடலாம் என்றால் வீட்டுச் சொந்தக்காரர் மரத்தை என்னவோ அவர் வயிற்றில் பிறந்தது மாதிரி பேசினார். வேண்டுமானால் விரல் மொத்தமுள்ள சுள்ளியை வெட்டிக்கொள், அதற்கு மேல் கை வைத்தால் கடையைக் காலி பண்ணு என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்னார். நகராட்சி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். தெருவில் நிற்கிற மரம்தான் தங்கள் பொறுப்பாம், மதிலுக்கு உள்ளே நிற்பதற்கு அவர்கள் வர மாட்டார்களாம். அந்த மரத்தின் பாதிக் கிளை மதிலைத் தாண்டித் தெருவில்தான் நிற்கிறது என்றேன். அந்தப் பாதியில் கூடு இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். போனை வைத்துவிட்டார்கள். பூச்சிமருந்துக் கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார், கைக்குழந்தை வரப்போகிறது என்றதும் பாட்டிலை உள்ளே வைத்துவிட்டார். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் பூச்சி மொத்தமும் கூட்டுக்குள் இருக்கும், அப்போது பையை மாட்டி இறுக்கிக் கட்டி, சுள்ளியை வெட்டி, சோப்புத் தண்ணீரில் அமுக்கி வைத்தால் செத்துவிடும் என்றார்.

அதைச் செய்ய வேண்டியவர் என் கணவர். எனக்கு முழங்கால் வலி, ஒரு முறை ஏணியில் ஏறி இறங்கியதற்கே இரண்டு நாள் நொண்டினேன். அவரோ நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்றே வாரத்தை ஓட்டினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்குப் பொறுமை போய்விட்டது. மரத்தில் தொங்குகிறதை எடுக்கத் துப்பில்லாத ஆம்பளை வீட்டில் இருந்தென்ன, இல்லாமல் போயென்ன என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. அவர் எப்போது பேசியிருக்கிறார்? திட்டினால் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்துவிடுவார். எங்கள் கடையில் அழகாக மடிப்பு விழுந்த சட்டை எல்லாம் நான் திட்டி முடித்த சட்டை என்று அர்த்தம்.

இங்கே எங்கள் கடையின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். காலுறை, கைக்குட்டை, குழந்தைகள் போடுகிற ஜட்டி, இந்த மாதிரிப் பொடித் துணிகளுக்கு எங்கள் கடையில் சில்லறை என்று பெயர். ஒரு வீட்டுச் சில்லறை இன்னொரு வீட்டுக்குப் போய், ஒற்றைக் காலுறைக்காகக் கடைவாசலில் சண்டை நடந்த பிறகு நான் ஒரு சட்டம் போட்டேன். வாங்கும்போதே சில்லறையைப் பழைய தலையணை உறைக்குள் போட்டு வாயை முடிச்சுப் போட்டுவிட வேண்டும். முந்தின நாளே வாளியில் சோப்புத் தண்ணீரில் ஊற வேண்டும். அப்படியே மிஷினுக்குள் போக வேண்டும். இஸ்திரி மேசைக்கு வருகிற வரைக்கும் எவரும் முடிச்சை அவிழ்க்கக் கூடாது. வாசலில் துணி வாங்குவதும் முடிச்சுப் போடுவதும் இஸ்திரியும் அவர் வேலை. மிஷின் என்னுடையது. அவர் ஒரு தடவை சிவப்புத் துண்டை விடுதி விரிப்புகளோடு போட்டு எல்லாவற்றையும் ரோஜா நிறமாக்கியதிலிருந்து மிஷின் பக்கம் அவரை நான் விடுவதில்லை.

சனிக்கிழமை காலையில் முற்றத்துக்கு வந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. கூடு ஒன்றுகூட இல்லை. வெட்டின சுள்ளி முனைகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தன. ஏணி மரத்தில் சாய்ந்திருந்தது. அவர் கையெல்லாம் தடித்துச் சிவந்துபோய்ப் படியில் உட்கார்ந்து சொறிந்துகொண்டிருந்தார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். அதை வெளியே காட்டினால் என்ன குறைந்துவிடும்? ஆனால் என் வாய்க்கு அது வராது. இதை முதல் நாளே செய்திருந்தால் நான் ஏன் கத்தப்போகிறேன் என்றுதான் வந்தது.

"இல்ல, அந்த உறை..." என்று அவர் ஆரம்பித்தார்.

"உறையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். அவ வர்ற நேரம். விடுதித் துணி அப்படியே கிடக்கு, கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க. வந்தப்புறம் பேசலாம்."

"அது வாளியில..."

"வந்தப்புறம் பேசலாம்னேன்ல."

அவர் கையைக் கழுவிக்கொண்டு, விரிப்பு மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

குழந்தைக்கென்று நான் துணி தயார் செய்து வைத்திருந்தேன். வெளுத்து வெளுத்து மெத்தென்று ஆகிவிட்ட பழைய பருத்தி விரிப்பைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஓரம் அடித்து, ஒரு அடுக்கு. புதுத்துணி குழந்தைக்கு உறுத்தும். இது உறுத்தாது. அவள் வருவதற்குள் அதை இன்னொரு தடவை வெந்நீரில் அலசிவிடலாம் என்று மிஷினில் போட்டேன். அந்த ஒரு அடுக்குக்காக மிஷினை ஓட்டுவானேன் என்று பார்த்தால், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வாளியில் சோப்புத் தண்ணீரில் முடிச்சுப் போட்ட உறைகள் ஊறிக்கொண்டிருந்தன. நேற்று வந்த சில்லறை போலிருக்கிறது என்று எடுத்தேன். ஒன்றில் குச்சி மாதிரி என்னவோ கையில் தட்டுப்பட்டது. எவரோ சீப்போடு சுருட்டிக் கொடுத்திருக்கிறார்கள், இந்த மனுஷன் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமலே முடிச்சுப் போட்டிருக்கிறார் என்று அதற்கும் அவரைத் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் மிஷினுக்குள் போட்டு மூடினேன். அவிழ்த்துப் பார்த்திருக்கலாம். அவிழ்க்கக் கூடாது என்று சட்டம் போட்டவளே நான்தானே.

துவைத்து முடிந்ததும் குழந்தைத் துணிகளை ஒவ்வொன்றாக உதறி உதறிக் கொடியில் போட்டேன். நல்ல வெயில். நிமிஷத்தில் காய்ந்தது. மடிக்கும்போதே முழங்கையில் லேசாக அரிப்பு. மரத்தில் எங்கேயோ மிச்சம் வைத்திருக்கிறார், எதையாவது முழுசாகச் செய்கிறாரா பார் என்று நினைத்துக்கொண்டேன். அதே வெயிலில் காய்ந்த முடிச்சு உறைகளைத் தட்டில் எடுத்து இஸ்திரி மேசையில் வைத்தேன். உள்ளறையில் கட்டில் மேல் அந்தத் துணிகளை இரண்டு மடிப்பாக விரித்தேன்.

தங்கை வந்தாள். வந்ததும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக முற்றத்துக்குத்தான் போனாள். மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு கிளையாகப் பார்த்தாள்.

"எப்படிக்கா எடுத்தே?"

"உன் மாமாதான் எடுத்தாரு" என்றேன். அவரைப் பற்றி நல்லதாக நான் ஒன்று சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். சிரித்தாள். குழந்தையை என் கையில் கொடுத்தாள். வாய் நிறைய எச்சிலோடு என் மூக்கைப் பிடிக்க வந்தது அது. மூக்கு கிடைக்காமல் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது, இன்னொரு தடவை இழு என்று கொடுத்தேன். திங்கட்கிழமை காலையில் எந்த நேரத்துக்குக் கொண்டுவந்து விடுவது, பால் எப்போது கொடுப்பது, எந்தப் பக்கம் படுத்தால் தூங்கும் என்றெல்லாம் தங்கை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் எனக்கு உள்ளே குதித்தது.

குழந்தைக்கு உடுப்பைக் கழற்றி அந்த மெத்தென்ற துணி மேல் படுக்க வைத்தோம். கொஞ்ச நேரம் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. அப்புறம் சிணுங்கியது. பசி என்றாள் தங்கை. பால் கொடுத்தாள், குடிக்கவில்லை. அழுகை ஏறிக்கொண்டே போனது. தூக்கித் தோளில் போட்டு முதுகைத் தடவியவள் சட்டென்று திருப்பிப் பார்த்தாள். முதுகும் தொடையும் திட்டுத் திட்டாகச் சிவந்து தடித்திருந்தன. தங்கை தன் முழங்கையைச் சொறிந்தாள். நான் என்னுடையதைச் சொறிந்தேன்.

அந்த நேரம் பார்த்து அவர் வந்து சேர்ந்தார். குழந்தை வீறிட்டுக்கொண்டிருக்க, நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வேலையை உருப்படியாகச் செய்யத் தெரியாதா, எத்தனை பூச்சியை மரத்தில் விட்டு வைத்தீர்கள், பச்சைக்குழந்தை முதுகைப் பாருங்கள் என்று வாசலுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். அவர் குழந்தையைப் பார்த்தார். கட்டிலில் விரித்திருந்த துணியைப் பார்த்தார். அப்புறம் இஸ்திரி மேசையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். மெதுவாகப் போய்த் தட்டிலிருந்து ஒரு உறையை எடுத்து முடிச்சை அவிழ்த்தார்.

காலுறை இல்லை, கைக்குட்டை இல்லை. சுள்ளியும், கந்தலாகிப்போன வெள்ளை நூலும், வெந்து கறுத்த புழுக்களும் ஒரு பிடி. உறையின் உள்பக்கம் முழுக்கப் பூச்சி மயிர் அப்பிக் கிடந்தது. அதில் இருந்தது போக மிச்சமெல்லாம் எங்கே போயிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. என் கையாலேயே உதறி, என் கையாலேயே மடித்து, என் கையாலேயே விரித்தேன்.

தங்கை குழந்தையைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்து, தான் கொண்டுவந்திருந்த துணியில் சுற்றினாள். டாக்டரிடம் கிளம்ப வேண்டும் என்று பையை எடுத்தவள் மேசைப் பக்கம் திரும்பி நின்றாள்.

"இதை யாரு மிஷின்ல போட்டது?"

"நான்தாம்மா" என்றார் அவர்.

பொய் சொல்லக்கூட ஒழுங்காகத் தெரியாத மனுஷன். மிஷின் பக்கம் அவரை நான் அண்டவிட மாட்டேன் என்பது இந்தத் தெருவுக்கே தெரியும், தங்கைக்குத் தெரியாதா? அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உறைக்குள்ள பூச்சி இருக்குன்னு அக்காகிட்ட சொல்லலையா மாமா?"

"மறந்துட்டேன்."

அது இரண்டாவது பொய். அதை விட்டிருந்தால் பழி அவர் மேல் போயிருக்கும், திங்கட்கிழமை எனக்கு மிஞ்சியிருக்கும். ஒரு நொடி அப்படி விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் தடித்துப் போன கையோடு அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் மேலா, என் மேலா என்று தெரியவில்லை.

"மறக்கல. சொல்ல வந்தாரு. நான்தான் விடல. மிஷின்ல போட்டதும் நான்தான்" என்றேன்.

தங்கை பையைத் தோளில் மாட்டினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் வாசல் வரைக்கும் போனேன், ஆனால் குழந்தையைத் தொடவில்லை. என் புடவை முழுக்க மயிர்.

அன்றைக்கு முழுக்கக் கடையைத் திறக்கவில்லை. மிஷினை மூன்று தடவை வெறும் வெந்நீர் விட்டு ஓட்டினேன். கொடிக்கயிற்றை அறுத்துக் கட்டி மூலையில் போட்டேன். அந்த மெத்தென்ற துணிகளைத் துவைத்தும் மனசு கேட்காமல் முடிச்சு உறைகளோடு சேர்த்து எரித்தேன். அவர் தன் பாட்டுக்கு மேசையைத் துடைத்தார், இஸ்திரிப் பெட்டியைத் துடைத்தார், கடைசியில் இஸ்திரி போட ஒன்றுமில்லாமல் தன் சட்டையையே கழற்றித் தேய்க்க ஆரம்பித்தார்.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள். டாக்டர் மருந்து கொடுத்தாராம், தடிப்பு இறங்கிவிட்டதாம், குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்குகிறதாம். எனக்கு மூச்சு வந்தது. மரத்தையும் முற்றத்தையும் நாளைக்கு ஆள் வைத்துக் கழுவிவிடுகிறேன், மிஷினைக் கழுவிவிட்டேன், அந்த உறைகளையெல்லாம் எரித்துவிட்டேன், திங்கட்கிழமைக்குள் ஒரு மயிர் இருக்காது என்று நான் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போனேன். நடுவே அவள் அக்கா, அக்கா என்று கூப்பிட்டது மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோதான் என் காதில் விழுந்தது.

"என்னடி?"

"திங்கட்கிழமை பாப்பாவைக் காப்பகத்துலயே விடறேங்க்கா."

"அதான் எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டேன்னு சொல்றேனே. இனிமே பூச்சி வராது."

"பூச்சிக்காக இல்லக்கா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மாமாவுக்கு வாய் இருக்கு. அவராலயே உங்கிட்ட ஒரு வார்த்தையை முழுசாச் சொல்ல முடியல. பாப்பாவுக்கு இன்னும் பேச்சே வரலை."

எனக்குப் பதில் இல்லாமலா? வரிசையாக வந்து நின்றது. நான் வளர்த்த பிள்ளைதானே நீ என்று ஒன்று. இத்தனை நாள் இந்த வாயாலதான் கடையும் குடும்பமும் ஓடுது என்று ஒன்று. யாரோ காப்பகத்துக்காரி என்னைவிட உசத்தியா என்று ஒன்று. எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. மறுமுனையில் அவள் மூச்சு விடுவது கேட்டது. நான் கத்தப்போகிறேன் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"சரிம்மா" என்றேன்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையோடு வருவதாகச் சொன்னாள். அதற்கும் சரி என்றேன். போனை மேசையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, பாதி தேய்த்த சட்டையோடு என் பக்கத்தில் வந்தார். என் முகத்தைப் பார்த்தார். புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.